சஹனிலிருந்து எழும்பியவர்கள் நாங்கள்தான்

கொஞ்சம் கசக்கும், ஆனாலும் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் முகாமொன்றில் இரத்ததானம் செய்தார். பிறகுதான் ஹெப்படைட்டிஸ் பி இருப்பது தெரியவந்தது. ஒருவரை நம்பிச் சொன்னார். மஃரிபுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த கிழமை வலீமாவில் அவர் உட்கார்ந்த சஹனிலிருந்து மற்ற ஐந்து பேரும் எழும்பிப் போனோம். பேசி வைத்த சம்பந்தமும் நின்றது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். கொமன்டில் பெயர் கேட்க வேண்டாம், அது அமானிதம்.

ஒரே சஹனில் சாப்பிடுவதால், கைகொடுத்து ஸலாம் சொல்வதால் இது தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் முக்கியமான வழிகள். சஹனுக்குப் பயந்த நாங்கள் சலூனில் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்கிறோமா?

"கல்யாணம் முடிக்க ஏலாதே" என்கிறோம். ஏன் ஏலாது? துணைக்கு முதலில் இரத்தப் பரிசோதனை, தேவையென்றால் ஆறு மாதத்தில் மூன்று தடுப்பூசி. தாய்க்கு இருந்தாலும், பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டு, மற்ற ஊசிகளையும் முடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் தப்பிவிடும். மறைத்து முடிப்பது தவறுதான். மறைக்க வைப்பது யார்?

எங்கள் நாட்டில் குழந்தைகளுக்கு இந்த ஊசி தொடங்கியது 2003இல். அதற்கு முன் பிறந்து, இன்று விரல் நீட்டுகிற எங்களில் எத்தனை பேர் இரத்தம் சோதித்தோம்?

அடுத்தது எங்கள் வைத்தியம். "குளிசையை விடு, கீழ்காய்நெல்லி குடி." சில செங்கமாரி தானாக மாறும், பேர் சாற்றுக்குப் போகும். நாட்பட்ட பி அப்படியல்ல. எல்லோருக்கும் குளிசை தேவைப்படாது. தேவைப்படுகிறவருக்கு டெனோஃபோவிர் போன்றது நாளுக்கு ஒன்று. அது வைரஸை அடக்கி வைக்கும், முற்றாக அழிக்காது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஈரல் சடுதியாக மோசமாகலாம். குளிசை இல்லாதவரும் ஒழுங்காகக் கிளினிக் போகவேண்டும். ஈரல் சுருங்குவதும் புற்றுநோயும் சத்தமில்லாமல்தான் வரும்.

அந்தத் தம்பி இப்போது கிளினிக் போவதில்லை. வரிசையில் எங்களில் யாராவது கண்டுவிடுவோம் என்ற பயம். இந்த வைரஸோடு மனிதர் முழு ஆயுளும் வாழலாம். எங்களோடு வாழ்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த வலீமாவில் அவரை நாங்களே கூப்பிட்டு எங்கள் சஹனில் உட்கார வைப்போம். எழும்பிய ஐந்து பேரும் முதலில் வரவேண்டும்.