கால் என்னும் ஒரு சொல்: உடற்கூற்றுக் கலைச்சொல்லாக்கம் குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

'காலை எடுக்க வேண்டியிருக்கும்' என்பது நீரிழிவால் பாதம் அழுகிய நோயாளியின் குடும்பத்தாரிடம் தமிழில் சொல்லப்படும் ஒரு வாக்கியம். எடுக்கப்பட இருப்பது எது என்பது மட்டும் அவ்வாக்கியத்தில் இல்லை. அது ஒரு விரலாக இருக்கலாம். பாதத்தின் முன்பகுதியாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியாக இருக்கலாம். தொடையின் நடுவிலிருந்து கீழுள்ள அனைத்துமாகவும் இருக்கலாம். இந்நான்கும் அறுவை மருத்துவருக்கு நான்கு வேறு முடிவுகள். முழங்கால் மூட்டு எஞ்சினால் செயற்கைக்கால் கொண்டு நடப்பதற்கு ஆகும் உழைப்பு குறைவு. அம்மூட்டு போய்விட்டால் அதே தொலைவை நடக்கப் பெரிதும் கூடுதலான ஆற்றல் வேண்டும். கேட்பவருக்கோ நான்கும் ஒரே சொல். அச்சொல்லின்மேல்தான் அவர் ஒப்புதல் கையெழுத்து இடுகிறார்.

இக்குறையைத் தமிழின் சொல்வறுமையாகக் கொள்வது பொதுவழக்கு. இருக்கும் சொற்களை வரையறுத்து நிலைநிறுத்தாத கலைச்சொல்லாக்கமே இதன் காரணம் என்பதும், அதனைச் சீர்செய்யும் பொறுப்பில் பெரும்பங்கு தமிழ்த்துறைகளுக்கு உரியது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கால்: பொதுப்பெயரும் இடப்பெயரும்

உடற்கூற்றியல் கீழுறுப்பை இடுப்பெலும்புப் பகுதி, தொடை, கணைக்கால், பாதம் எனப் பகுக்கிறது. இடுப்பெலும்பை நீக்கி எண்ணினால் ஒவ்வொரு காலிலும் 30 எலும்புகள் உள்ளன: தொடையில் 1, முழங்கால் சில்லு 1, கணைக்காலில் 2, கணுக்காலிலும் பின்பாதத்திலும் 7, நடுப்பாதத்தில் 5, விரல்களில் 14. உடலின் 206 எலும்புகளில் 60 இரு கால்களுக்கு உரியன.

பொதுப்பெயர் ஒன்றே முழுவுறுப்பையும் அதன் பகுதியையும் குறிப்பது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. ஆங்கிலப் பொதுவழக்கில் முழுக்காலையும் சுட்டும் சொல்லை உடற்கூற்றியலார் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதிக்கே உரியதாகக் குறுக்கிக்கொண்டனர். புதுச்சொல் படைக்காமல் பழஞ்சொல்லுக்கு எல்லை வகுத்தனர். துறை வளர்ந்த முறை அது.

தமிழில் அவ்வெல்லையை வகுப்பதற்குரிய கருவி மொழியமைப்பிலேயே உள்ளது. முழங்கால், கணைக்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால், புறங்கால் ஆகிய தொடர்களில் 'கால்' பொதுப்பெயராக நிற்க, முன்னுள்ள சொல் இடத்தைச் சுட்டுகிறது. இடம் சுட்டும் அடை இல்லாதபோது 'கால்' பொருள் தெளிவதில்லை. சோழன் கரிகாலன் பெயருக்குத் தீயில் கால் கருகியமை காரணமாகச் சொல்லப்படுகிறது. கருகியது அடியா, கணைக்காலா, முழுவுறுப்பா என்பதை அப்பெயரிலிருந்து அறிய இயலாது. பெயருக்கு அது குறையன்று. அறுவை ஒப்புதல் படிவத்துக்கு அது குறை.

இலக்கியத்தில் உறுப்புப் பகுப்பு

கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை விறலியின் உருவைக் கூந்தல் தொடங்கி அடிவரை புனைகிறது. அப்புனைவின் இறுதியில் குறங்கு, தாள், அடி என மூன்று உறுப்புகள் நிரலாக வருகின்றன. குறங்குக்குப் பிடியின் துதிக்கையும் அடிக்கு நாயின் நாவும் உவமை. புலவர் நோக்கம் அழகுரைத்தலே. ஆயினும் பகுப்பைக் கருத வேண்டும்: தொடை, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி, பாதம் என்னும் முப்பகுப்பு அங்கே பிறழாமல் அமைந்துள்ளது. உடற்கூற்றியல் இன்று கைக்கொள்ளும் பகுப்பும் அதுவே.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் உடற்கூற்றியல் அறிந்திருந்தனர் என முடிவுகட்டுவது பிழை. கண்ணால் காணும் உறுப்பை எங்கே பிரித்து எங்கே பெயரிடுவது என்பதில் தமிழ் தெளிவுடன் இருந்தது என்பதே இதனால் பெறப்படுவது. அப்பெயர்களை அப்படியே மீட்டுக் கலைச்சொல்லாக்கலாம் என்பதும் பொருந்தாது. 'தாள்' இன்று காகிதத்தையும் கதவின் தாழையும் நினைவூட்டும். 'குறங்கு' என மருத்துவர் சொன்னால் நோயாளியின் காதில் விழுவது விலங்கின் பெயரே. வழக்கிறந்த சொல்லை மீட்பதினும் வழக்கிலுள்ள 'தொடை', 'கணைக்கால்' ஆகியவற்றுக்கு எல்லை வகுப்பது பயனுடையது.

வர்ம மரபும் இங்கு நோக்கத்தக்கது. முழங்காலுக்குக் கீழே, கணைக்காலின் முன்புறம் எலும்பு தோலுக்கு அடுத்தே நிற்கும் பகுதிக்கு அம்மரபில் 'குதிரைமுகம்' என்பது பெயர். தசைப்பற்று இல்லாத அவ்விடத்தின் தோற்றத்திலிருந்து எழுந்த பெயர் அது. அடிபட்டால் வலி கடுமையாகும் இடமாதலின் வர்மம் அதனைக் குறித்துவைத்தது. 'உள்ளங்கால் வெள்ளை' போன்ற பெயர்களும் இவ்வாறே தொட்டும் பார்த்தும் வைத்த பெயர்கள். கலைச்சொல் தொகுப்பாளர் இவ்வளத்தைச் சித்த மருத்துவத்துக்கு உரியதென ஒதுக்கிவிடுவது இழப்பாகும்.

'நரம்பு' படும் பாடு

சொற்பொருள் மயக்கம் நோயறிதலைத் தொடும் இடம் 'நரம்பு'. இன்றைய பாடநூல் வழக்கில் அது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் பிரிந்து உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழைக்கு உரியது. மக்கள் வழக்கிலோ தோலுக்கடியில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. இரத்தக்குழாயில் ஏற்றுவது நரம்பு ஊசி. குதிகாலுக்கு மேல் கயிறுபோல் விறைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. காலின் இரத்தக்குழாய்களில் உள்ள அடைப்பிதழ்கள் தளர்ந்து, குருதி தேங்கி, குழாய் சுருண்டு புடைக்கும் நோய் 'நரம்புச் சுருட்டு' என்றே வழங்குகிறது. அந்நோயில் பாடநூல் சொல்லும் நரம்புக்கு இடமில்லை.

இம்மக்கள் வழக்கைப் பிழை எனத் தள்ளுவதற்கு முன் அதன் வயதை எண்ணிப்பார்க்க வேண்டும். புறநானூற்றின் 278ஆம் பாடலில் முதிய தாயின் வற்றிய தோளில் எழுந்து தோன்றுவதாக நரம்பு சொல்லப்படுகிறது. தோலுக்கு மேல் எழுந்து கண்ணுக்குத் தெரியும் அது இன்றைய பாடநூலின் நரம்பாக இருத்தல் அரிது. குருதிக்குழாயாகவோ நாணாகவோதான் இருக்கும். யாழின் தந்தியையும் நரம்பு என்றே பண்டைத்தமிழ் வழங்கியது. நீண்டு இழுபட்டு நிற்கும் இழை என்பதே அச்சொல்லின் பழம்பொருட் பரப்பு. நோயாளி பேசுவது அவ்வழக்கின் தொடர்ச்சி. அப்பரப்பைக் குறுக்கியது பாடநூல். குறுக்கியதில் தவறில்லை. குறுக்கிய செய்தியை மக்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

இதன் விளைவு சிறிதன்று. நீரிழிவில் காலின் உணர்வு நரம்புகள் கெடும்போது முள் தைத்ததும் செருப்புக் கடித்ததும் தெரியாமல் புண் ஆழமாகிறது. அக்காலிலேயே குருதிக்குழாய் நோயும் இருக்கலாம். இரண்டையும் நோயாளி 'நரம்புக் கோளாறு' என்கிறார். ஒன்றுக்கு உணர்வைச் சோதிக்க வேண்டும். மற்றொன்றுக்குக் குருதி ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும். 'மரத்துப்போகிறதா, புடைத்து வலிக்கிறதா' என உடனே திருப்பிக் கேட்கும் மருத்துவர் மயக்கத்தைக் கடந்துவிடுகிறார். கேட்க நேரமில்லாத புறநோயாளிப் பிரிவில் அம்மயக்கம் அப்படியே நிற்கிறது.

'இடுப்பு'ம் இத்தகையதே. தமிழர் இடுப்பு என்பது உடை கட்டும் இடமும் முதுகின் கீழ்ப்பகுதியும். 'இடுப்பு வலி' எனில் கீழ்முதுகு வலியே முதலில் பொருள்படும். தொடையெலும்பின் பந்துபோன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணக்குழியில் பொருந்தும் மூட்டுக்கும் 'இடுப்பு மூட்டு' என்றே பெயரிட்டுள்ளனர். முதியோர் தவறி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் அது 'இடுப்பு எலும்பு முறிவு' ஆகிவிடுகிறது. முறிந்தது தொடையெலும்பு. 'தொடை மூட்டு', 'தொடையெலும்புக் கழுத்து முறிவு' என வழங்கினால் சொல்லும் உறுப்பும் ஒன்றாகும்.

இரு கரைகளின் சொற்கள்

மேலைமருத்துவ உடற்கூற்றியலைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்னும் வினா புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ ஊழியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய மரபுகளை நினைவூட்டும் தலைப்பு அது. அதன் வடசொற்கலப்பு இன்றைய படிப்பவருக்கு அயலாகத் தோன்றலாம். ஆயினும் மாணவர் அச்சொற்களைக் கொண்டு கற்று மருத்துவம் செய்தனர். சொல்லின் தூய்மையை அளப்பதற்கு முன் அதன் பயன்பாட்டை அளக்க வேண்டும் என்பதற்கு அம்முயற்சி சான்று.

அதன்பின் இரு நிலங்களிலும் சொற்கள் வேறு வேறு வழியில் சென்றன. ஈழத்துப் பாடநூல் மரபு எலும்பை 'என்பு' என ஆண்டு, கணைக்காலின் ஈரெலும்புகளைக் 'கணைக்கால் உள்ளென்பு', 'கணைக்கால் வெளியென்பு' என்றும், நடுப்பாத எலும்புகளை 'அனுகணுக்காலென்பு' என்றும் வழங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மொழியாக்கமும் டிபியா, ஃபிபுலா என்னும் ஒலிபெயர்ப்பும் கலந்து வருகின்றன. குருதிக்குழாய்ப் பெயர்களில் விலகல் இன்னும் மிகுதி. தமிழ்நாட்டில் தமனி, சிரை எனப்படுவன ஈழத்தில் நாடி, நாளம். தமிழ்நாட்டில் 'நாளம்' எவ்வகைக் குழாயையும் குறிக்கும் பொதுச்சொல். 'நாளமில்லாச் சுரப்பி' என்பதில் அது சுரப்பியின் வடிகுழாய். ஒரே மொழியின் இரு மாணவர் ஒரே சொல்லால் இரு உறுப்புகளைப் படிக்கின்றனர்.

ஈழத்துச் சொற்களில் ஒழுங்கு மிகுதி எனலாம். எனினும் 'உள்' என்பது உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கத்தையும் ஆழத்தையும் ஒருங்கே குறிக்கும். 'உள்ளென்பு' மற்றதற்கு உள்ளே மறைந்திருப்பதாக மாணவர் கருத இடமுண்டு. உண்மையில் இரண்டும் அருகருகே நிற்பவை. குதிரைமுகத்தில் தோலுக்கு அடுத்துத் தொடக்கிடைப்பது அவ்வுள்ளென்பே. திசை குறிக்கும் சொல்லையும் ஆழம் குறிக்கும் சொல்லையும் முதலில் பிரித்து வரையறுக்காமல் எலும்புக்குப் பெயரிடுவது அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவதாகும். 'தசைநாண்', 'தசைநார்' என்பன ஒன்றன் இடத்தில் மற்றொன்று பயின்று வருவதும் இவ்வரையறையின்மையால்தான். தசையை எலும்போடு பிணைப்பது ஒன்று. எலும்பை எலும்போடு பிணைப்பது மற்றொன்று. பின்னதில் தசைக்கு வேலையில்லை. பெயரில் மட்டும் தசை இருக்கிறது.

மறுப்புகளும் செய்யத்தக்கனவும்

மருத்துவர்கள் உலகப் பொதுப்பெயர்களைப் பயன்படுத்துவதால் தமிழ்ச்சொல் தேவையில்லை என்னும் மறுப்பு உண்டு. மருத்துவர் மருத்துவரிடம் பேசும்போது அது முற்றிலும் சரி. ஆழத்தில் உள்ள ஒவ்வொரு தசைக்கும் கிளைநரம்புக்கும் தமிழ்ப்பெயர் இட்டே தீரவேண்டும் என்பதில்லை, ஒலிபெயர்ப்பு போதும். நோயாளி தொட்டுக்காட்டும் உறுப்புக்கும், அவர் ஒப்புதல் தரும் அறுவைக்கும், அவர் கையில் தரப்படும் குறிப்புக்கும் அம்மறுப்பு பொருந்தாது. அங்கே சொல் தமிழில்தான் நிகழ்கிறது; நிகழும் சொல் சரியானதா என்பதே கேள்வி.

எனவே மூன்று பணிகள் முதன்மையாகின்றன. முதலாவது, வட்டாரச் சொற்களை உறுப்புப் படத்தோடு தொகுத்தல். கணுக்கால், கரண்டைக்கால், பரடு ஆகியன எவ்வூரில் எவ்வெல்லைவரை குறிக்கின்றன என்பதை அகராதி சொல்லாது. படத்தில் கோடு வரையச் சொன்னால் மக்கள் சொல்வர். கெண்டைக்காலுக்கும் ஆடுசதைக்கும் இது பொருந்தும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொற்கள் பலவற்றுக்குப் பொருள் தந்துள்ளது. எல்லை வரைவது அதன் பணியன்று. இரண்டாவது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என வரையறுத்து, தமிழ்நாட்டு வழக்கையும் ஈழ வழக்கையும் ஒப்பிட்டு, முரண்படும் இடங்களை வெளிப்படையாகக் குறித்தல். மூன்றாவது, ஆக்கிய சொல்லைக் கேட்பவரிடம் சோதித்தல். குழு அறையில் ஏற்கப்பட்ட சொல், கேட்ட மூதாட்டி தம் உடலில் சரியான இடத்தைத் தொட்டுக்காட்டிய பின்னரே கலைச்சொல் ஆகும்.

நிறைவுரை

கீழுறுப்புக்குரிய சொற்கள் இலக்கியத்திலும் வர்ம மரபிலும் வட்டார வழக்கிலும் பாடநூல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொருட்டெளிவுடன் ஒருங்கமைப்பது சொற்பொருளியலும் அகராதியியலும் கற்றவர் பணி; மருத்துவர் துணையின்றி அது முற்றுப்பெறாது. 'முழங்காலுக்கு நான்கு விரல் கீழே கணைக்காலை எடுக்க வேண்டும். முழங்கால் மூட்டு உங்களுக்கு இருக்கும்' என்னும் வாக்கியத்தில் புதுச்சொல் ஒன்றுமில்லை. அதைக் கேட்பவருக்கு எது போகும், எது மிஞ்சும் என்பது தெரியும். அத்தெளிவோடு இடப்படும் கையெழுத்தே ஒப்புதல் எனப்படும்.