சியாச்சின்: துவக்குகள் ஓய்ந்த பின்னும் தொடரும் சாவு

கடும் பனிப்பொழிவுக்குப் பின் ஓரிரு நாட்களாவது சரிவுகளை நெருங்கக் கூடாது என்பது மலையேறுவோர் அறிந்த பாடம். காற்று குவித்த புதுப்பனி பழைய பனியோடு இறுகியிராது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரு காலடியே அதைப் பெயர்த்துவிடும். மலையேறி திரும்பி வரலாம். காவலரணில் நிற்கும் சிப்பாய்க்கு அந்தத் தெரிவு இல்லை.

காரகோரம் மலைத்தொடரின் சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை ஏறியது 1984 இல். அன்றுமுதல் இரு தரப்பிலும் கூடுதலானோரைக் கொன்றவை பனிச்சரிவும் குளிரும் உயரமும்தான். 2003 இல் யுத்தநிறுத்தம் வந்தது. பனிக்கு அது தெரியாது. 2012 ஏப்ரலில் கயாரியில் பாகிஸ்தான் முகாம் புதையுண்டு 140 பேர் மாண்டனர். சடலங்களைத் தேடும் பணி ஒரு வருடத்துக்கும் மேல் நீடித்தது. அந்தக் காத்திருப்பு எத்தகையது என்று எமது வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016 பெப்ரவரியில் சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமென்டுடன் நின்ற பத்துப் பேர் புதையுண்டனர். நால்வர் தமிழ்நாட்டவர். ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் டில்லி மருத்துவமனையில் இறந்தார்.

கயாரிக்குப் பின், பாகிஸ்தான் இராணுவத் தளபதி கயானி படைவிலக்கல் பற்றிப் பேசினார். இந்தியாவோ, தற்போதைய நிலைகளை முதலில் எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்கிறது. குளிர்காலத்தில் கைவிட்ட கார்கில் முகடுகளில் 1999 இல் பாகிஸ்தான் படையினர் நிலைகொண்டதை டில்லி மறக்கவில்லை. அந்த அச்சத்தில் நியாயமுண்டு. ஆனாலும் நிலைகளைப் பதிவதும் செய்மதியால் கண்காணிப்பதும் மேசையில் பேசி முடிக்கக்கூடியவை. அதற்கு இன்னொரு கயாரி தேவையில்லை என்றே நான் நினைக்கிறேன்.