கதவைப் பூட்டியவர் யார்?

வடசென்னையின் மாலைப்பொழுதை அறிந்தவர்க்கு இந்தக் காட்சி புதிதன்று. இராயபுரத்துச் சந்துகளிலே, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் ஓரத்திலே, திருவொற்றியூர் ஆலைச் சுவர்களின் நிழலிலே, எண்ணூர் சாலையில் சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் இடத்திற்கு அப்பால், கையகல வெற்றிடம் கிடைத்தால் போதும். அங்கே ஒரு பந்து உருளும். இரண்டு செங்கல்லை நட்டால் அதுதான் கோல். காலிலே செருப்பில்லை; மேலே சட்டையில்லை; கண்ணிலே மட்டும் கனவு குறைவின்றி உண்டு. வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று ஊரார் அழைக்கின்றனர். அம்மண்ணின் மைந்தர் தனபால் கணேஷ் இந்திய அணியின் சட்டையை அணிந்து ஆடியவர்.

ஒரு பிள்ளை கோல் அடித்தால், 'திறமைசாலி' என்று நகரம் பாராட்டுகிறது. அவனே பத்துத் தோழர்களோடு பந்தயம் பார்க்கப் புறப்பட்டால், 'கும்பல் வருகிறது' என்று முகம் சுளிக்கிறது. நூறு பேர் ஒன்றாகச் சென்றால், தடி ஏந்திய காவலர் அணி முன்கூட்டியே வந்து நிற்கிறது. பந்தயத்தில் ஏதேனும் தீங்கு நேர்ந்துவிட்டாலோ, விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: 'ரசிகர்களின் வெறியாட்டம்!'

விளையாட்டுப் பக்கத்துக்குரிய செய்தியை அரசியல் கட்டுரையில் எழுதுவானேன் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கூட்டம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, கூட்டத்தால் கொழிக்கும் ஆதாயம் இருக்கிறது, பிணம் விழுந்தபின் பழியை யார் தலையில் சுமத்துவது என்ற சூழ்ச்சி இருக்கிறது. இவையெல்லாம் அரசியல் அன்றி வேறென்ன? 1921 ஆம் ஆண்டு, பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளரைப் பறிகொடுத்த பகுதி இது. சுடப்பட்டவனையே குற்றவாளி என்று சொல்லும் வழக்கத்தை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

உலகப் பந்தய வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1964 ஆம் ஆண்டு மே 24. பெரு நாட்டின் தலைநகர் லிமா. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பெருவும் அர்ஜென்டினாவும் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் பெரு அணி போட்ட கோல் செல்லாது என்றார் நடுவர். இருவர் களத்துக்குள் பாய்ந்தனர். ஆம், இருவர்தாம்! அவர்களுக்கு விடையாகக் காவல்துறை என்ன செய்தது? பெண்டிரும் பிள்ளைகளும் நிறைந்திருந்த மாடங்களின்மீது கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வீசியது. மூச்சுத் திணறிய மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி வாயிலை நோக்கி ஓடினர். வாயிலில் இருந்த இரும்புக் கதவுகள் மூடப்பட்டிருந்தன! முன்னால் இருந்தவர்க்கு வழியில்லை. பின்னால் வருபவர்க்கு அது தெரியவில்லை. அரசு சொன்ன கணக்கின்படி மட்டுமே 328 பேர் மாண்டனர். களத்தில் பாய்ந்த இருவர் செய்தது தவறு. ஆனால் 328 உயிர்களைக் குடித்தது அவர்களது தவறா, பூட்டிய கதவா?

'அது அறுபது ஆண்டுக்கு முந்திய கதை. உலகம் திருந்திவிட்டது' என்பார் உளர். 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, இந்தோனேசியாவின் மாலாங் வட்டாரத்தில், கஞ்சுருகான் அரங்கில் நடந்ததைப் பாருங்கள். 38,000 பேர்க்கே இடமுள்ள அரங்கிற்கு 42,000 நுழைவுச் சீட்டுகள்! சொந்த ஊர் அணி தோற்றது. சிலர் களத்தில் இறங்கினர். மீண்டும் அதே கண்ணீர்ப் புகை. மீண்டும் அதே குறுகிய வழி, அதே அடைபட்ட கதவு. 135 பேர் மடிந்தனர். எதிரணி ரசிகர்களை அன்று அரங்கிற்குள் விடவே இல்லை. ஆகவே, 'இரு கூட்டம் மோதியது' என்ற வழக்கமான சாக்குக்கும் அங்கே இடமில்லை. விளையாட்டரங்கில் கூட்டத்தைக் கலைக்கும் புகையைக் கொண்டுவரவே கூடாது என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் பாதுகாப்பு விதி. விதி ஏட்டிலே இருந்தது. குண்டு காவலர் கையிலே இருந்தது.

இப்படிச் சொல்வதால், ரசிகன் தவறே செய்யாத தூயவன் என்று நாம் வாதாடுவதாக எவரும் எண்ண வேண்டா. உண்மை நமக்கு எதிராகச் சாட்சி சொன்னாலும் அதை ஒளிப்பது நமது வழக்கமன்று. 1985 ஆம் ஆண்டு மே 29 அன்று, பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில், இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கும் இத்தாலியின் யுவெண்டஸ் அணிக்கும் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்குமுன்பே லிவர்பூல் ரசிகர் ஒரு சாரார் அடுத்த மாடத்தின்மீது பாய்ந்தனர். ஒதுங்கிய மக்கள் சுவரோரம் நெருக்குண்டனர்; சுவர் இடிந்தது; 39 பேர் இறந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் இத்தாலியர். இது வெறி, இது குற்றம். ரசிகர் 14 பேர் தண்டிக்கப்பட்டதும் முறையே. இங்கிலாந்து அணிகள் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன.

ஆனால் வழக்கு அத்துடன் நிற்கவில்லை. இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய அரங்கைத் தேர்ந்தவர் யார்? பகை கொண்ட இரு கூட்டத்திற்கும் இடையே மெல்லிய வேலி போதும் என்று முடிவு கட்டியவர் யார்? இவற்றையும் நீதிமன்றம் கேட்டது. பெல்ஜியக் கால்பந்து நிருவாகத்தைச் சேர்ந்தவரும் காவல்துறை அதிகாரியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பாய்ந்தவனுக்கும் பொறுப்பு உண்டு. பாய்வதற்கு வழி திறந்து வைத்தவனுக்கும் பொறுப்பு உண்டு. இந்த இரட்டைக் கணக்கைத்தான் நாம் வேண்டுகிறோம்.

ஒற்றைக் கணக்கு எழுதுவோர் எத்தகைய பொய்யும் புனைவர் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. 1989 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினர். அதற்குப் பலியானோர் மொத்தம் 97 பேர். நான்கே நாளில் 'சன்' ஏடு, குடித்துவிட்டு வந்த ரசிகர்களே கொலைகாரர் என்னும்படி எழுதிற்று. துறைமுக நகரத்துத் தொழிலாளி, வேலையற்ற இளைஞன், அவன்மீது எதைச் சொன்னாலும் ஊர் நம்பும் என்ற துணிவு! அந்த மக்கள் விட்டார்களில்லை. ஆண்டுக்கணக்கில் போராடினர். காவலர் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டன என்ற உண்மை 2012 இல் வெளியாயிற்று. இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர், ரசிகர்மீது பழியில்லை என்று நடுவர் குழு 2016 இல் கூறிற்று. ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வர 27 ஆண்டுகள்!

அதற்குப் பின்னரேனும் பாடம் கற்றார்களா? 2022 மே 28 அன்று பாரிசில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியின்போது, சீட்டு வாங்கிய மக்கள் வாயிலில் நெருக்கப்பட்டனர்; அவர்கள்மீது புகையும் வீசப்பட்டது. 30,000 முதல் 40,000 பேர் போலிச் சீட்டோடும் சீட்டே இல்லாமலும் வந்ததே காரணம் என்றார் பிரெஞ்சு அமைச்சர். வாயிற் கருவிகள் கண்ட போலிச் சீட்டுகளோ 2,589. போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்திற்கே முதற்பொறுப்பு என்று, அச்சங்கம் தானே அமைத்த தனிக்குழு 2023 இல் அறிவித்தது.

நாடுகளுக்கிடையே நடக்கும் பந்தயத்தில் மற்றொரு தீயும் மூட்டப்படுகிறது. 1969 ஆம் ஆண்டு எல் சால்வடாரும் ஹோண்டுராசும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. அடுத்த மாதமே போர்க்களத்திலும் மோதின. 'கால்பந்துப் போர்' என்று பெயரிட்டுப் பந்தின்மேல் பழியைப் போட்டது உலகம். சுமார் 3 லட்சம் சால்வடார் ஏழைகள் பிழைப்புத் தேடி ஹோண்டுராசில் குடியேறியிருந்தனர் என்பதையும், நிலச் சீர்திருத்தம் என்ற பெயரால் அவர்கள் விரட்டப்பட்டனர் என்பதையும், இரு நாட்டு ஆளவந்தாரும் உள்நாட்டுப் பசியை மறைக்க அயலான்மீது ஆத்திரத்தைத் தூண்டினர் என்பதையும் எத்தனை பேர் சொன்னார்கள்? பந்தா போர் தொடுத்தது? பந்துக்குப் பின்னால் ஒளிந்தவர் தொடுத்தனர்.

நாட்டுப்பற்று வெறியாக முற்றியே தீரும் என்பதும் விதியன்று. நமது சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று, 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது, வென்றது பாகிஸ்தான். நெஞ்சு கனத்த சென்னை மக்கள் எழுந்து நின்று, வென்றவர்க்குக் கைதட்டினர். கிரிக்கெட் என்றாலும் கூட்டம் கூட்டந்தான். அந்தப் பண்பும் ரசிகனிடமே இருக்கிறது.

இந்தியக் கால்பந்தின் கண்ணீர்க் கதை கல்கத்தாவில் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. பரம்பரைப் போட்டியாளரான இரு அணியின் ரசிகர்களையும் ஒரே மாடத்தில் கலந்து அமர வைத்திருந்தனர். களத்தில் எழுந்த சச்சரவு மாடத்துக்குப் பரவிற்று, அடிதடி, நெரிசல், 16 பேர் வீடு திரும்பவில்லை. கை ஓங்கியவர்கள் பழிக்கு அஞ்ச வேண்டியவர்களே. ஆனால் வைக்கோற்போரையும் நெருப்பையும் ஒரே கூரையின்கீழ் வைத்தவரைக் கேட்பாரில்லையா? ஆண்டுதோறும் அந்த நாளில் வங்கத்து ரசிகர்கள் குருதிக்கொடை அளிக்கின்றனர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாக இரத்தம் தருகின்றனர்!

அதே நகரில் 2024 ஆகஸ்ட் 18 அன்று நடந்ததையும் நினைவில் நிறுத்துங்கள். பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதால் மாநிலமே கொந்தளித்த வேளை. பாதுகாப்புக்குக் காவலர் போதாது என்று அன்றைய பந்தயம் கைவிடப்பட்டது. ஆனால் அரங்கின் வெளியே, நூற்றாண்டுப் பகைவர் எனப்பட்ட இரு அணியின் ரசிகர்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்று நீதி கேட்டனர். அவர்களைத் தடுக்கப் பெருங்காவல் வந்தது, தடியடியும் நடந்தது. பந்தயத்துக்குக் கிடைக்காத காவல், முழக்கமிட்டவரைத் துரத்த எங்கிருந்து கிடைத்தது?

2025 டிசம்பர் 13 அன்று, மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து அதே அரங்கிற்கு வந்த மக்கள், அவரைச் சூழ்ந்து நின்ற பெரிய மனிதர்களின் முதுகைத்தான் கண்டனர். நாற்காலிகள் பறந்தன. நாற்காலி எறிந்தது தவறு. ஏழையின் ஒரு மாத மிச்சத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றியது அதைவிடச் சிறிய தவறா? முதன்மை அமைப்பாளர் கைது செய்யப்பட்டார்; முதலமைச்சரே மன்னிப்புக் கேட்டார்.

தோழர்களே! இனி நம்மை நோக்கி விரலைத் திருப்புவோம். கூட்டம் கூட்டுவது கால்பந்துச் சங்கங்கள் மட்டுமா? அரசியல் இயக்கங்களும் கூட்டுகின்றன. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 உயிர்கள் போயின. எக்கட்சிக் கூட்டம் என்று பார்த்து இரக்கத்தை அளப்பது மனிதத் தன்மையன்று. லிமாவுக்கும் பாரிசுக்கும் பிடித்த அளவுகோலை நம் மேடைக்கும் பிடிக்க வேண்டும். எத்தனை பேர் வருவர்? எத்தனை வழிகள்? தண்ணீர் எங்கே? மயங்கி விழுந்தவனைத் தூக்கிச் செல்லப் பாதை எங்கே? இவற்றுக்கு விடை இல்லாமல் ஆட்களை வண்டியில் ஏற்றிவரும் எவரும், நாமே ஆயினும், கதவைப் பூட்டிய கூட்டத்தையே சேர்ந்தவர்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. இடத்துக்கு மேல் ஒரு சீட்டும் விற்கலாகாது. ஆட்டம் நடக்கும்போது வெளிவாயில் எதுவும் பூட்டப்படலாகாது; ஒவ்வொன்றிலும் திறப்பதற்கு ஆள் நிற்க வேண்டும். மாடங்களின்மீது கண்ணீர்ப் புகை வீசலாகாது. பகை அணியினர்க்குத் தனி வழி, தனி மாடம் வேண்டும். தீங்கு நேர்ந்தால், காவல்துறையே தன் செயலுக்குத் தானே தீர்ப்பெழுதாமல், வெளிப்படையான விசாரணை வேண்டும். கல்லெறிந்தவன் பெயரோடு, கதவைப் பூட்டச் சொன்னவன் பெயரும் அதில் வர வேண்டும்.

நமது கடமையும் ஒன்றுண்டு. இராயபுரத்திலும் எண்ணூரிலும் பந்தயம் நடத்தும் மன்றங்களில் நம் தோழர்கள் பலர் இருக்கின்றனர். தோற்ற அணியின் தெருவைப் பழித்து முழங்குவதை, சாதியையும் ஊரையும் இழுத்து ஏசுவதை, போதையோடு களத்தில் இறங்குவதை முதலில் தடுக்க வேண்டியவர் அவர்களே. 'அந்தப் பகுதிப் பையன்களா? முரடர்கள்!' என்று சொல்லக் காத்திருப்பவர்க்கு நம் கையாலேயே சான்று எடுத்துக் கொடுக்கலாமா? 2023 ஆகஸ்ட் 12 அன்று, அதே கல்கத்தாப் பெரும்பந்தயத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றிக் கோலை அடித்தவர் சென்னை இளைஞர் நந்தகுமார். நம் நகரத்தின் பெயர் அங்கே சென்று சேர வேண்டிய முறை அதுதான்.

நாளையும் காசிமேட்டில் மாலை வரும்; பந்து உருளும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒருநாள் பெரிய அரங்கின் மாடத்தில் சென்று அமர்வர். அன்று அவர்கள் கையில் கல் இல்லாதிருக்கப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஆட்டம் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் வழியில் கதவு திறந்திருக்கப் பார்த்துக்கொள்வது ஆள்வோர் பொறுப்பு. முன்னதை நாம் செய்வோம், பின்னதைச் செய்யவைப்போம்!