லோக் ஆயுக்தாவின் எல்லை எங்கே முடிகிறது? தங்கவயல் எழுப்பும் கேள்வி

ஆண்டர்சன்பேட்டை (கர்நாடகா): கோலார் தங்கவயலில் சயனைடு மேடுகள் என்று அறியப்படும் 13 கழிவு மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு வேலைக்காக மாரிகுப்பத்தில் அதிகாலை ரயிலேறி பெங்களூரு சென்று திரும்பும் ஊருக்கு இது பெரிய செய்தி. வேலைவாய்ப்பு, தூசு, நிலம் ஆகியவை குறித்த கேள்விகள் உடனே எழுந்தன. ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. இத்திட்டத்தில் முறைகேடு நடந்தால், ஆண்டர்சன்பேட்டையில் வசிக்கும் ஒருவர் யாரிடம் புகார் அளிக்க வேண்டும்?

கர்நாடகத்தில் இதற்குப் பெரும்பாலானோர் சொல்லும் பதில் லோக் ஆயுக்தா. தங்கவயலைப் பொறுத்தவரை அது பாதி மட்டுமே சரியான பதில்.

ஒரே ஊர், இரண்டு நிர்வாகம்

சாலை, குடிநீர், பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி ஆகியவற்றைக் கவனிப்பது நகரசபையும் வட்டாட்சியர் அலுவலகமும். இங்கு லஞ்சம் கேட்கப்பட்டாலோ, கோப்பு காரணமின்றி முடக்கப்பட்டாலோ லோக் ஆயுக்தாவை அணுகலாம். ஆனால் மண்மேடுகளும், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வசிக்கும் லைன் வீடுகளும் மத்திய சுரங்கத்துறை அமைச்சகத்தின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சார்ந்தவை. மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் அதிகாரி மீது மாநில லோக் ஆயுக்தா விசாரணை நடத்த இயலாது. அதற்கு டெல்லியில் உள்ள லோக்பால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் ஆகியவையே வழி. நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைச் சேர்ந்தது.

ஆகவே, வீட்டுமனை உரிமை கேட்டுக் காத்திருக்கும் குடும்பம் ஒன்று, எந்த அலுவலகத்தில் தன் மனு நின்றுபோனது என்பதை அறிந்தால்தான் எங்கு முறையிடுவது என்று முடிவு செய்ய முடியும். அதைச் சொல்ல வேண்டியது அந்த அலுவலகமே என்பதுதான் சிக்கல்.

அரசைக் கவிழ்த்த அறிக்கை

கர்நாடக லோக் ஆயுக்தா சட்டம் 1984-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பல மாநிலங்களில் இத்தகைய அமைப்புகள் பெயரளவில் இயங்கியபோது, கர்நாடகத்தில் அதற்கெனத் தனி காவல் பிரிவு இருந்தது. இதுவே முக்கிய வேறுபாடு. 2011 ஜூலையில் அப்போதைய லோக் ஆயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டே, சட்டவிரோத இரும்புத்தாது சுரங்கத் தொழிலால் அரசுக்கு ரூ.16,085 கோடி இழப்பு ஏற்பட்டதாக அறிக்கை அளித்தார். சில நாள்களில் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். (இது தொடர்பான லஞ்ச வழக்கில் 2016-இல் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது.)

அந்த உச்சத்துக்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. ஹெக்டேவுக்குப் பின் பொறுப்பேற்ற நீதிபதி சிவராஜ் பாட்டீல், வீட்டுமனை ஒதுக்கீடு சர்ச்சையால் சில வாரங்களில் விலகினார். 2013 பிப்ரவரி வரை பதவி காலியாக இருந்தது. அடுத்து வந்த நீதிபதி பாஸ்கர் ராவ், லோக் ஆயுக்தா அலுவலகத்தின் பெயரிலேயே பணம் பறித்ததாகத் தன் மகன் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து 2015 டிசம்பரில் பதவி விலகினார்.

கண்காணிப்பு அமைப்பு தன் நம்பகத்தன்மையை இழந்த நேரத்தை அரசு பயன்படுத்திக்கொண்டது என்றே கூற வேண்டும். 2016 மார்ச்சில் சித்தராமையா தலைமையிலான அரசு, ஊழல் தடுப்புப் படை என்ற புதிய அமைப்பை ஓர் அரசாணை மூலம் உருவாக்கி, ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளை லோக் ஆயுக்தா காவல் பிரிவிடமிருந்து எடுத்துக்கொண்டது. புதிய படை அரசுக்குக் கட்டுப்பட்டது. அடுத்து ஆட்சிக்கு வந்த கட்சிகளும் அதைக் கலைக்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்டிப்பதும், ஆளும்போது வைத்துக்கொள்வதுமாக ஆறு ஆண்டுகள் கழிந்தன.

2022 ஆகஸ்ட் 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்து, வழக்குகளை லோக் ஆயுக்தா காவல் பிரிவுக்கே மாற்றியது. அத்தீர்ப்பை வழங்கிய அமர்வில் இடம்பெற்ற நீதிபதி பி.வீரப்பா, பின்னர் உப லோக் ஆயுக்தாவாக நியமிக்கப்பட்டார். அதிகாரம் திரும்பிய ஏழே மாதங்களில், 2023 மார்ச்சில், அப்போதைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் மகனை ரூ.40 லட்சம் லஞ்சப் புகாரில் லோக் ஆயுக்தா காவலர்கள் கைது செய்தனர்.

பரிந்துரையா, உத்தரவா?

காவல் பிரிவின் நடவடிக்கை செய்தியாகிறது. ஆனால் சாதாரண மக்களின் குறைகள் பெரும்பாலும் கைது வரை செல்பவை அல்ல. அவற்றில் லோக் ஆயுக்தா செய்யக்கூடியது விசாரித்துப் பரிந்துரைப்பது. அரசு உரிய காலத்துக்குள் தன் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். அதில் நிறைவு இல்லையெனில் ஆளுநருக்குச் சிறப்பு அறிக்கை அனுப்பலாம். அதற்கு மேல் சட்டம் செல்லவில்லை.

தங்கவயலைப் போலவே ஆழ்சுரங்கங்களும் கழிவு மேடுகளும் கொண்ட ஜோகன்னஸ்பர்க் நகரில் அமர்ந்துள்ள தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம், இதே கேள்விக்கு வேறு விடை தந்தது. அந்நாட்டின் 1996 அரசமைப்புச் சட்டத்தின் 9-வது அத்தியாயம், மக்கள் பாதுகாவலர், தணிக்கையாளர், தேர்தல் ஆணையம் உள்ளிட்ட அமைப்புகளை ஜனநாயகத்துக்குத் துணைநிற்கும் சுதந்திர நிறுவனங்களாக அறிவிக்கிறது. அதிபர் ஜேக்கப் ஸூமாவின் சொந்த வீட்டுக்கு அரசுப் பணம் செலவிடப்பட்டதை மக்கள் பாதுகாவலர் தூலி மடோன்செலா 2014-இல் அம்பலப்படுத்தினார். அவர் விதித்த தீர்வு நடவடிக்கை அதிபரைக் கட்டுப்படுத்தும் என 2016 மார்ச் 31 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸூமா பணத்தைத் திருப்பிச் செலுத்த நேர்ந்தது.

லோக் ஆயுக்தாவுக்கு அத்தகைய அரசமைப்புச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சாதாரணப் பெரும்பான்மையால் சட்டமன்றம் அதன் சட்டத்தைத் திருத்தலாம். 2016-இல் திருத்தம்கூடத் தேவைப்படவில்லை. ஓர் அரசாணையே போதுமானதாக இருந்தது. டெல்லியின் நிலையும் மேம்பட்டதல்ல. 2013-இல் சட்டம் இயற்றப்பட்டும் முதல் லோக்பால் தலைவர் 2019-இல்தான் நியமிக்கப்பட்டார். 2022 மே முதல் 2024 மார்ச் வரை முழுநேரத் தலைவர் இல்லை. தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் 2018-இல்தான் வந்தது. ஊழல் தடுப்புக் காவல் பிரிவு இன்றும் அரசின் கீழேயே உள்ளது.

புகாரின் மொழி

ஆண்டர்சன்பேட்டையில் இன்னொரு தடையும் உண்டு. லோக் ஆயுக்தா புகாரை உரிய படிவத்தில், உறுதிமொழிப் பத்திரத்துடன் அளிக்க வேண்டும். படிவங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. சுரங்கக் குடும்பங்களின் மூத்தவர்களில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் கணிசமானோர். பிறர் எழுதித் தரும் வாக்குமூலத்தில், படிக்க இயலாத மொழியில், சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டிய நிலை அவர்களுடையது. மாவட்டத் தலைநகர் கோலாருக்குச் சென்று வர ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டும்.

காலமும் காத்திருப்பதில்லை. நிர்வாகக் குறை பற்றிய புகாரை, அது தெரியவந்த ஆறு மாதங்களுக்குள் லோக் ஆயுக்தாவிடம் அளிக்க வேண்டும். ஊழல் குற்றச்சாட்டுக்கு ஐந்து ஆண்டுகள். லோக்பாலுக்கு வரம்பு ஏழு ஆண்டுகள். மண்மேட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது மாநில அரசு, ஏலம் விடுவது மத்திய அரசு. ஒரே ஒப்பந்தத்தின் இரு பகுதிகளுக்கு இரு வேறு அமைப்புகளிடம், இரு வேறு கால வரம்புக்குள் முறையிட வேண்டியிருக்கும்.