இருட்டில் உட்காருவது சிக்கனம் அல்ல



கரண்ட் பில் ஏறினால் என் வயதுக்காரர்கள் பலர் செய்வது ஒன்றுதான். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருவார்கள். சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறி மட்டையைத் தேடுவார்கள். பிள்ளை கட்டுகிற பில் நம்மால் ஏற வேண்டாமே என்ற கூச்சம். எண்ணம் நல்லதுதான், கணக்குதான் தப்பு.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்குதான். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 60 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

பாத்ரூம் போகும் வழியில் 9 வாட் எல்இடி பல்பு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் 60 நாளுக்கு 5.4 யூனிட். 2000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் சூடேறினால் 60 யூனிட். எதை அணைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவை இதில் நான் சேர்க்கவில்லை.

அடுத்து ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் 67.5 யூனிட். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். அதே நேரம் ஓடினால் 27 யூனிட்தான். காற்றும் குறையாது, 40 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

இந்த 40 யூனிட்டைச் சின்னதாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறுகிறது. 520 வரும் வீடு ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் 480க்கு இறங்கிவிடும்.

காசு செலவில்லாத வேலைகளும் உண்டு. குளித்ததும் கீசர் சுவிட்சை அணையுங்கள். டிவி, செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏசியை 18இல் வைத்துப் போர்வை போர்த்துவதை விட, 26இல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "ஏம்ப்பா ஃபேனை நிறுத்திட்டு வேர்வையில உட்கார்ந்திருக்கீங்க?" என்று போனில் கோபித்துக்கொள்வதால் பயனில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஸ்வீட் பெட்டிக்குப் பதில் ஒரு ஃபேன் வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போங்கள். அப்பா, அம்மா நிம்மதியாகத் தூங்குவார்கள்.