பாஷாணமும் மருந்தாகும்

தருமபுரி ஜில்லாக் குடியானவருக்கு ஒரு விஷயத்தை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கேழ்வரகுப் பயிர் தழைத்து வளர்ந்தால் மட்டும் போதாது. காலத்தில் கதிர் விட்டு முற்ற வேண்டும். நமது ரத்த அணுக்களுக்கும் இதுவே நியதி. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணு, முதிர்ந்த பிறகே நோய்க் கிருமிகளோடு போராடும் தகுதி பெறுகிறது. முதிராமலே பெருகிக்கொண்டு போனால் அது ரத்தப் புற்றுநோய்.

இந்நோயில் ஒரு வகைக்குப் ‘புரோமைலோசைட்’ ரத்தப் புற்று என்று பெயர். வீடு கட்டுகிறவர்கள் மூங்கில்களைப் பிணைத்துச் சாரம் கட்டுகிறார்கள் அல்லவா? அணுவின் கருவுக்குள் ‘பி.எம்.எல்.’ என்னும் புரதம் அப்படிப்பட்டதொரு சாரம். வேறு பல புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டே ஒன்றுகூடி வேலை செய்கின்றன. 15-வது, 17-வது குரோமோசோம்கள் ஒடிந்து துண்டுகள் இடம் மாறிவிட்டால், இப்புரதம் வைட்டமின் ‘ஏ’யின் கட்டளையை ஏற்கும் மற்றொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. சாரம் சரிகிறது, முதிரச் சொல்லும் கட்டளையும் தடைப்படுகிறது.

இதற்கு மருந்து எது? வெள்ளைப் பாஷாணம்! ஆம், ஆர்ஸெனிக்தான். சீன தேசத்து ஹார்பின் நகர வைத்தியர்கள் 1970-களில் இதைக் கையாண்டார்கள். அது பி.எம்.எல். பாகத்தைப் பற்றி, ஒட்டுப் புரதத்தை அழியச் செய்கிறது. சாரம் மீண்டும் நிற்கிறது. அணுக்களும் முதிர்ந்து, ஆயுள் முடிந்து மடிகின்றன.

பிற நாடுகளில் வழங்கிய சிகிச்சையின் செலவு நம் ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. ஆகவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் விக்ரம் மாத்யூஸும் சகாக்களும் 1998 முதல் பெரும்பாலும் பாஷாணத்தையே நம்பிச் சிகிச்சை செய்தார்கள். 72 நோயாளிகளில் 62 பேருக்கு நோய் முற்றும் தணிந்தது என்று 2006-ல் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று வைட்டமின் ‘ஏ’ வகை மருந்தும் பாஷாணமும் சேர்த்துப் பல தேசங்களில் வழங்கப்படுகின்றன.

அதற்காக யாரும் கடைப் பாஷாணத்தைத் தேடிப் போக வேண்டாம்; வைத்தியர் கையில் அளவோடு நின்றால்தான் அது மருந்து. இந்நோயில் முதல் சில தினங்களின் ரத்தப்போக்கே யமன். ஈறில் ரத்தம் கசிந்தாலும், அடிபடாமலே உடம்பில் கறுநீலத் திட்டுகள் தோன்றினாலும், ‘உஷ்ணம்’ என்று இளநீர் கொடுத்துக் காத்திருக்கலாகாது. தருமபுரியிலேயே அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். விஷத்தையும் அமிர்தமாக்கத் தெரிந்தவர்கள் வைத்தியர்கள். காலந்தாழ்த்தாமல் நோயாளியை அவர்களிடம் சேர்ப்பது வீட்டார் கடமை.