ஆயிரம்தானே!

2016-ல் வேலூரில் ஒரு அரசு அலுவலகம் கழித்துக்கட்டிய அம்பாசடர் ஏலத்துக்கு வந்தது. அப்பா காலத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போன அதே வெள்ளை வண்டி. 60,000-க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆரணியில் பஸ் ஏறினேன். வண்டியை எடுத்தது 91,000-க்கு.

அந்த முப்பத்தோராயிரமும் ஒரேயடியாக ஏறவில்லை. ஆயிரம் ஆயிரமாகத்தான் ஏறியது. எதிரே கேட்டவர் ஒரு பழைய இரும்பு வியாபாரி. அவர் வண்டியைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். 90,000 என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். மூன்றாம் தரம் முடிந்ததும் நாலு பேர் எனக்குக் கை கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் வரி, லாரி வாடகை, நாலு டயர், டிங்கரிங், பெயர் மாற்றம் எல்லாம் வந்தன. வண்டி ஓடி வந்து வாசலில் நிற்க இன்னொரு 1,10,000 ஆயிற்று.

இத்தனைக்கும் ஏலம் எனக்குப் புதிதல்ல. எங்கள் தெருவில் மாதாமாதம் ஏலச்சீட்டு நடக்கிறது. அங்கே நூறு ரூபாய் கூடுதலாகத் தள்ளிக் கேட்க ஒரு தறிக்காரர் எவ்வளவு யோசிப்பார் தெரியுமா? அந்தப் பணம் எத்தனை நாள் கூலி என்று அவருக்கு விரல்நுனியில் இருக்கும். வேலூர் மைதானத்தில் எனக்கு அந்தக் கணக்கு மறந்துபோனது.

1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள் மூவர் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கு நடந்த ஏலங்களில், பெரும்பாலும் மதிப்பைக் கூட்டிப் போட்டவரே ஜெயித்தார் என்றார்கள். ‘வென்றவன் சாபம்’ என்று அதற்குப் பெயர். இரும்பு வியாபாரிக்கு என் அம்பாசடரின் எடை தெரியும். எடை தெரிந்தவர் நிறுத்திக்கொண்டார், தெரியாத நான் எடுத்தேன்.

விற்பவர்கள் ‘இனி கிடைக்காது’ என்பார்கள். முழுப் பொய்யில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவும் 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவை உடைப்புக்குத்தான் போகும். அதனாலேயே, ஏல எல்லையைப் பின்னாலிருந்து போட வேண்டும் என்கிறேன். வண்டி வாசலில் ஓடி நிற்க மொத்தம் எவ்வளவு தர முடியும்? அதில் மெக்கானிக் சொல்லும் செலவைக் கழியுங்கள், வரியைக் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் கேட்கலாம். நான் துண்டுச்சீட்டில் எழுதியது வெறும் ஆசை. அப்புறம், அந்தத் தொகையைக் காக்கும் வேலையை வண்டிமேல் ஆசைப்பட்டவரிடம் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது என் மனைவியுடையது. அவள் எதையும் சேலைக்கூலியில்தான் அளப்பாள்.

போன மாதம் அக்கா மகன் ஒரு பழைய பிரீமியர் பத்மினிக்குப் போனில் ஏலம் கேட்டான். எல்லை 1,40,000. அங்கே ஒரு தரம், இரண்டு தரம் சொல்ல ஆளில்லை. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீள்கிறது. யாரோ 1,41,000 கேட்டார்கள்.

“அத்தை, ஆயிரம்தானே?” என்றான்.

அவள் போனை வாங்கிக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பாவு பிணைக்கப் போய்விட்டாள்.